பத்து மடங்கு பிசகு

ஜூன் 3, திங்கள்

டாக்டர் சொல்லித்தான் இந்த நோட்டு. ஹார்மோன் மாத்திரை இல்லாமல் இருக்கிற நாட்களில் மறதி வரும், அன்றன்றைக்கு நடந்ததை எழுதி வையுங்கள் என்றார். சரி. என் பெயர் ஆவுடைச்செல்வி. வயது முப்பத்து நான்கு. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். இதுவும் மறந்துபோனால் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

தைராய்டை எடுத்து இரண்டு வாரம் ஆகிறது. புற்று என்றார்கள். இருக்கிற புற்றுகளிலேயே நல்ல புற்று இதுதான் என்றும் சொன்னார்கள், மாட்டுச் சந்தையில் தரகர் சொல்வது மாதிரி. மிச்சம் மீதி இருப்பதை அழிக்க ஜூலை ஒன்றாம் தேதி மதுரையில் கதிரியக்க அயோடின் கொடுக்கப் போகிறார்கள். அதுவரை தைராய்டு ஹார்மோன் கிடையாது, அயோடின் கலந்த பாக்கெட் உப்பு கிடையாது, மீன் கிடையாது, பால் கிடையாது.

என் மகள் தாமிராவுக்கும் பால் கிடையாது. தாய்ப்பாலை ஆறேழு வாரம் முன்னாலேயே நிறுத்திவிட வேண்டுமாம். பத்து மாதம்கூட ஆகவில்லை. என் நெஞ்சைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, கதவைத் திறக்காத வீட்டுக்காரர்களைப் பார்ப்பது போல என்னைப் பார்க்கிறாள்.

ஜூன் 6

உடம்பு ஈரத்துணி மாதிரி கனக்கிறது. ஜூன் மாத வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு சமன்பாட்டை நாலு தடவை வாசித்தேன், நாலாவது தடவைதான் அது நானே எழுதியது என்று தெரிந்தது.

என் ஆராய்ச்சி என்னவென்று என் வீட்டுக்காரர் நம்பிராஜனுக்கு எட்டு வருஷமாகப் புரியவைக்க முடியவில்லை. மின்வாரியத்தில் இருக்கிறார், கண்ணுக்குத் தெரியாத எலெக்ட்ரானையே நம்புகிறவர். இன்று மறுபடி முயன்றேன். இன்னும் யாரும் உண்டாக்காத கனமான அணுக்கரு ஒன்று. உண்டானால் எவ்வளவு நேரம் தாங்கும்? உள்ளே இருக்கிற ஒரு துணுக்கு சுவரில் முட்டிக்கொண்டே இருக்கும். சுவரைத் தாண்ட அதற்குப் பலம் கிடையாது, ஆனாலும் ஒரு தடவை வெளியே வந்துவிடும். அது சராசரியாக எத்தனை நேரத்தில் என்று காகிதத்தில் கணிப்பதுதான் என் வேலை.

சரியா வருமா என்று கேட்டார். பத்து மடங்கு பிசகினாலும் எங்கள் துறையில் ‘நல்ல பொருத்தம்’ என்று எழுதுவோம் என்றேன். நான் பத்து நொடி என்று கணித்து ஆய்வகத்தில் நூறு நொடி வந்தால் கைகுலுக்குவார்கள்.

“எங்க கம்பத்துல வோல்ட்டு பத்து மடங்கு பிசகினா ஆள் செத்துருவாம்ட்டி” என்றார்.

ஜூன் 8, சனி

நம்பிராஜனின் அக்கா முப்பிடாதி மதினி தென்காசியிலிருந்து வந்திருக்கிறார். ஒரே மகன் கோயம்புத்தூரில் படிக்கிறான், வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று இரண்டு பை நிறையச் சாமானோடு வந்து இறங்கினார். கல்லுப்பு, கருப்பட்டி, எனக்காக நெய் சேர்க்காமல் செய்த அதிரசம். ஜூலையில் நான் மதுரைக்குப் போனதும் தாமிராவைத் தென்காசிக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. வந்த உடனேயே அடுப்படியை ஒழுங்குபடுத்த ஆரம்பித்துவிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. நன்றாகத்தான் ஒழுங்குபடுத்தினார், அதனாலேயே எரிச்சல்.

ஜூன் 9, ஞாயிறு

தாமிராவைக் குளிப்பாட்டினேன். பாத்ரூமில் ஒன்று நடந்தது. அவள் நன்றாக இருக்கிறாள். எழுத ஒன்றுமில்லை.

மதினி மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

ஜூன் 11

ஜூலை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இப்போதே கூட்டிப் போங்கள் என்று நானே சொல்லிவிட்டேன். முன்னாலேயே போனால் குழந்தை புது இடத்துக்குப் பழகிவிடும் அல்லவா. நம்பிராஜனுக்கு ஆச்சரியம். மதினி என்னை ஒரு பார்வை பார்த்தார், ஏன் என்று கேட்கவில்லை. மத்தியானமே கிளம்பிவிட்டார்கள்.

தாமிராவைக் குளிப்பாட்டுகிற பிளாஸ்டிக் பேசினை மட்டும் அவர்களோடு அனுப்பவில்லை. மாடியில் கவிழ்த்துப் போட்டிருக்கிறேன்.

ஜூன் 20

தூங்கினேன். சாப்பிட்டேன். தூங்கினேன்.

ஜூலை 1, திங்கள். மதுரை.

தனி அறை. கதவுக்குள் ஈயத்தகடு. ஜன்னல் உண்டு, திறக்க முடியாது. நர்ஸ் வாசலோடு நின்று பேசுவார். கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி சவரியப்பன் என்பவர் ஈயக் குடுவையைத் திறந்து காட்ட, ஒரு மாத்திரையை நானே எடுத்து விழுங்கினேன். ருசியே இல்லை. பத்து வருஷமாகக் கரும்பலகையில் எழுதியது இன்று தொண்டைக்குள் இறங்கியது.

ஒரு மணி நேரம் கழித்து சவரியப்பன் சரியாக ஒரு மீட்டர் தள்ளி நின்று கதிர்வீச்சை அளக்கும் மீட்டரை என் பக்கம் காட்டினார். 205. ஐம்பதுக்குக் கீழே வந்தால் வீட்டுக்கு அனுப்புவார்களாம். அயோடினுக்கு அரை ஆயுள் எட்டு நாள், அதாவது எட்டு நாளுக்கு ஒரு தடவை பாதியாகும். நாளைக்கு 188 இருக்கும் என்று நோட்டில் எழுதி வைத்தேன். வேறென்ன வேலை.

ஜூலை 2

90.

நான் சொன்னது 188. இரண்டு மடங்கு பிசகு. எங்கள் துறையில் இது பிரமாதமான பொருத்தம்.

ஜூலை 3

46. என் கணக்கு 172. இன்னும் பத்து மடங்குக்குள்தான் இருக்கிறது.

ஐம்பதுக்குக் கீழே வந்துவிட்டது, ஆனாலும் கைக்குழந்தை உள்ள வீடு என்பதால் இன்னும் ஒரு நாள் இருங்கள் என்றார்கள். ஒரு வாரம் வேண்டுமானாலும் இருக்கிறேன் என்றேன். நர்ஸ் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஜூலை 4, வியாழன்

28. வெளியே விட்டார்கள். இந்த நோட்டையும் மீட்டரில் காட்டிப் பார்த்துத்தான் கையில் கொடுத்தார்கள்.

மாத்திரை விழுங்கிய நாளிலிருந்து மூன்று வாரம் கழித்துக் குழந்தையைத் தூக்கலாம் என்று எழுதிய தாளைச் சவரியப்பன் நீட்டினார். எட்டு நாள் அரை ஆயுளுக்கு மூன்று வாரம் எப்படிப் போதும் என்று கேட்டேன். மனிதர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார்.

“அணுவுக்குத்தான் மேடம் எட்டு நாளு. உங்க உடம்பு அதைத் தினமும் மூத்திரத்துல தள்ளிக்கிட்டே இருக்குல்ல? அதான் இவ்வளவு வேகமா எறங்குது. உடம்பையும் கணக்குல சேருங்க.”

கருவிக்காரர்கள் எல்லாருமே இப்படித்தான், முள் எங்கே நிற்கிறதோ அதுதான் அவர்களுக்கு உலகம். என் சமன்பாட்டில் உடம்புக்கு எழுத்தே கிடையாது. அணுக்கரு தனியாக இருக்கும், சுற்றிலும் ஒன்றுமே இருக்காது. அப்படித்தான் கணக்குப் போட்டுப் பழக்கம்.

ஜூலை 7, ஞாயிறு

முடிவு செய்துவிட்டேன். பத்து அரை ஆயுள். பத்துத் தடவை பாதியானால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். எண்பது நாள். மாத்திரை விழுங்கிய நாளிலிருந்து எண்ணினால் செப்டம்பர் 19.

நம்பிராஜன் காலண்டரில் எண்ணிப் பார்த்தார். மதினிக்கு போன் போட்டுச் சொன்னேன். எண்பது நாளா என்றுகூடக் கேட்கவில்லை. “சரி ஆவுடை, நான் பாத்துக்கிடுதேன்” என்றார். இவ்வளவு சுலபமாகச் சம்மதித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 22, திங்கள்

மூன்று வாரம் முடிந்தது. நம்பிராஜன் லீவு போட்டுக் காரைத் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தார். நான் வரவில்லை என்றேன்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஆஸ்பத்திரிக்காரனே போகலாம்ங்கான், நீ என்ன அவனுக்கு மேல படிச்சவளா என்று கத்தினார். ஆமாம் என்றேன். காரை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விட்டார். சாயங்காலம் வந்தவர் சட்டைத் தோளில் பிஸ்கட் எச்சில் காய்ந்திருந்தது. துவைக்கப் போடுகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். இன்னும் போடவில்லை.

ஆகஸ்ட் 1

ஹார்மோன் மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. ஸ்வெட்டரை மடித்து வைத்தாயிற்று. கல்லூரிக்குப் போனேன். இரண்டாம் வருஷ வகுப்பு, கதிரியக்கப் பாடம். யாரோ எடுக்க வேண்டியது, நானே கேட்டு வாங்கினேன்.

ஒரு பெண் எழுந்து, கோடி அணுவில் பாதி எப்போது சிதையும் என்று சொல்கிறீர்களே, குறிப்பிட்ட ஒரு அணு எப்போது சிதையும் என்று சொல்ல முடியாதா என்றாள். முடியாது என்றேன். எவ்வளவு நல்ல கருவி வந்தாலுமா? எவ்வளவு நல்ல கருவி வந்தாலும். அது இந்த நொடியே போகலாம், நூறு வருஷம் கழித்தும் போகலாம். ஆயிரம் வருஷமாக இருக்கிற அணுவும் நேற்று வந்த அணுவும் அடுத்த நொடியில் உடைய ஒரே வாய்ப்புத்தான்.

“அப்ப ஒண்ணே ஒண்ணு மட்டும் வச்சிருக்கவங்க என்ன மேடம் செய்வாங்க?” என்றாள். வகுப்பு சிரித்தது. மணி அடித்ததால் தப்பித்தேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

தாமிராவுக்கு ஒரு வயது.

வீடியோவில் பார்த்தேன். மஞ்சள் பட்டுப் பாவாடை, நெற்றியில் பெரிய பொட்டு. நம்பிராஜன் போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். கேக்கை மதினி கைபிடித்து வெட்ட வைத்தார். பிறகு எதிரே போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையை நீட்ட, குழந்தை மூன்று எட்டு எடுத்துவைத்து நடந்து அவர் மேல் போய் விழுந்தாள். முதல் நடை. விழுந்தவள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு “ம்மா” என்றாள்.

போன் ஆடியது. நம்பிராஜன் ஏதோ சொல்லிச் சமாளித்தார். ஒரு வயதுக் குழந்தைகள் எல்லோரையும் அம்மா என்றுதான் கூப்பிடும், புத்தகத்திலேயே இருக்கிறது என்று நான் சொன்னேன்.

எந்தப் புத்தகம் என்று தெரியாது. வயிறு எரிகிறது. இதை யாரிடம் போய்ச் சொல்ல? என் பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்க்கிறவர் மேல் எரிகிறதே, இது என்ன பிறவி.

ஆகஸ்ட் 25

நாளை மதுரையில் மறு பரிசோதனை. மீட்டர் என்ன காட்டும் என்று கணக்குப் போட்டேன். கிளம்பும்போது 28. ஐம்பத்து மூன்று நாள். நூற்றில் ஒரு பங்கு. 0.28.

ஆகஸ்ட் 26, திங்கள்

ரத்தத்தில் புற்றின் சுவடு இல்லை. இதுதான் முதலில் எழுத வேண்டிய செய்தி, எழுதிவிட்டேன்.

சவரியப்பனிடம் நோட்டைக் காட்டி 0.28 என்றேன். அவர் ஒரு மீட்டர் தள்ளி நின்று மீட்டரை நீட்டினார். 0.1. பக்கத்தில் வந்து கழுத்தருகே வைத்தார். 0.1. எனக்குப் பின்னால் இருந்த சுவரில் வைத்துக் காட்டினார். அதுவும் 0.1.

“எப்பவோ போயிருச்சு மேடம். ரெண்டு மூணு வாரத்துலயே சுவருக்கும் உங்களுக்கும் வித்தியாசம் இருந்திருக்காது. பாப்பா நல்லா இருக்காளா?”

நம்பிராஜன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கார் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். திட்டியிருந்தால் தேவலை.

திருமங்கலத்தில் ரோடு பிரிகிற இடத்தில் காரை ஓரங்கட்டினார். வலது பக்கம் போனால் ராஜபாளையம், தென்காசி. நேரே போனால் வீடு. போவோமா என்றார். நாளைக்குக் கல்லூரி, விடைத்தாள் இருக்கிறது, சனிக்கிழமை பார்ப்போம் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“புள்ளைக்கு என்னமும் ஆயிரும்னு பயப்படுதியா, இல்ல புள்ளையப் பாத்தே பயப்படுதியா?”

நேரே போங்கள் என்றேன்.

ஆகஸ்ட் 28

சரி, எழுதுகிறேன்.

ஜூன் ஒன்பதாம் தேதி பேசினில் பாதி தண்ணீர் வைத்துத் தாமிராவை உட்காரவைத்தேன். தலைக்கு ஊற்றினேன். பிறகு குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் ஞாபகம். மாத்திரை இல்லாத மூளை அணைந்து போனது. மறுபடி எரிந்தபோது அவள் முகம் தண்ணீருக்குள் இருந்தது. சத்தமே இல்லை. நான் சத்தம் வரும் என்று நினைத்திருந்தேன்.

தூக்கிக் கவிழ்த்துத் தட்டினேன். இருமினாள், தண்ணீராகக் கக்கினாள், பிறகு கத்தினாள். அந்தக் கத்தலைக் கேட்டு நான் அவளை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு பாத்ரூம் தரையில் உட்கார்ந்தேன்.

எத்தனை நொடி என்று தெரியாது. அணுக்கருக்கள் எவ்வளவு நேரம் தாங்கும் என்று நொடியில் கோடியில் ஒரு பங்கு வரை எழுதுகிறவள் நான். அந்த ஒன்றை மட்டும் அளக்கவில்லை. பத்து நொடி இருக்கலாம். பத்து நொடியாகத்தான் இருந்திருக்க வேண்டும், இருமலோடு போயிற்றே. பத்து மடங்கு பிசகியிருந்தால் நூறு நொடி.

எண்பது நாளும் அயோடினுக்காக இல்லை. மீட்டர் முதல் நாளே என் கணக்குத் தப்பு என்று காட்டியது. எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. எண்பது நாளுக்கு யாரும் என் கையில் அவளைக் கொடுக்க முடியாது என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

செப்டம்பர் 1, ஞாயிறு. தென்காசி.

வந்துவிட்டோம்.

தாமிரா கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். நிற்கிறாள்! நான் செருப்பைக் கழற்றி உள்ளே கால் வைத்ததும் ஓடிப்போய் மதினியின் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். சேலை மடிப்புக்குள்ளிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். மதினி, அம்மா வந்துட்டா பாரு, ஏட்டி, அம்மாட்ட போ என்று தள்ளத் தள்ள, “ம்மா, ம்மா” என்று அவரையே பிடித்துக்கொண்டு வீறிட்டாள். மதினிக்கு முகமே இல்லை. அத்தைன்னு சொல்லு என்று காதோடு சொல்லிப் பார்த்தார், எனக்குக் கேட்கக் கூடாது என்று.

சாப்பாடு முடிந்து நம்பிராஜன் குழந்தையை வெளியே தூக்கிப் போனதும் அடுப்படியில் மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேசின், குழாய், நொடி தெரியாதது. அவர் தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைக்கவில்லை.

“தெரியும்” என்றார். “நான் எறங்கி வரையில பிள்ளைக்குக் கண்ணும் மூக்கும் செவந்து கெடந்துச்சு. நீ சேலையோட நனைஞ்சு உக்காந்திருந்த. கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. நீயே கூட்டிட்டுப் போங்கன்னுட்ட. அப்புறம் என்னத்தக் கேக்க?”

அதனால்தான் எண்பது நாள் என்றபோது ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன். பாத்திரத்தைக் கழுவி முடித்துக் கவிழ்த்தார்.

“ஒனக்கு அவ்வளவு நாளு வேணும்போலன்னு நெனச்சேன். மூணாவது வாரம் தம்பி வந்து சத்தம் போட்டப்ப, ஒன்ன வந்து இழுத்துட்டுப் போயிருக்கணும் நான். போவல. நாள் வேணும்னு நெனச்சது நீயா நானான்னு இப்ப எனக்கே தெரியல ஆவுடை.”

அவர் அழுதார். எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

செப்டம்பர் 2

இங்கேயே தங்குவது என்று முடிவாகிவிட்டது. காலை ரயிலில் கல்லூரிக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். குழந்தையை இழுத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போனால் அவளுக்கு யாருமே இல்லாமல் போய்விடும் என்று நான்தான் சொன்னேன்.

கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். தாமிரா எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மீட்டர் இருக்கும். நான் நகரவில்லை, கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னைச் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

செப்டம்பர் 9

இன்றும் வரவில்லை. பிஸ்கட்டை மட்டும் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

செப்டம்பர் 14

எத்தனை நாளில் வருவாள் என்று நம்பிராஜன் கேட்டார், நான் ஏதோ கணக்கு வைத்திருப்பேன் என்கிற மாதிரி. தெரியாது என்றேன். அந்த இரண்டாம் வருஷப் பெண் கேட்டதற்கும் இதுதான் பதில். ஒன்றே ஒன்று வைத்திருக்கிறவர்கள் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

செப்டம்பர் 19, வியாழன்

எண்பதாவது நாள். லீவு போட்டேன்.

காலையில் மதினி வாளியில் வெந்நீரை விளாவி வைத்துவிட்டு, நீ குளிப்பாட்டு என்றார். முடியாது என்றேன். அவர் பேசினை எடுத்துத் திண்டுக்கு மேல் வைத்துவிட்டார். மடியில் போட்டு ஊத்து, பேசின் வேண்டாம், நான் வாசல்லயே உக்காந்திருக்கேன் என்றார். சொன்னபடி பாத்ரூம் வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

காலை நீட்டி அவளைப் போட்டுக்கொண்டேன். எவ்வளவு கனத்துவிட்டாள். முதல் செம்பு ஊற்றும்போதே எண்ண ஆரம்பித்தேன், வாய்விட்டு. ஒன்று, இரண்டு, மூன்று. எண்ணிக்கொண்டிருக்கும்வரை மூளை அணையாது என்று ஒரு நம்பிக்கை. சோப்புப் போட்டேன், எண்ணினேன். தலைக்கு ஊற்றினேன், எண்ணினேன். குழாய்ப் பக்கம் திரும்பவே இல்லை. இருநூற்றுப் பதினான்கு வந்தது.

இருநூற்றுப் பதினான்கு நொடியும் தாமிரா அம்மா அம்மா என்று வாசலைப் பார்த்து அழுதாள். நானும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.